ஊருக்கு வெளியே வீடு: கேம் ஆட எந்த இணைப்பை எடுப்பது?

என் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. நான்கு வருடமாக அதில் ஒரே மாதிரி வரிகள்தான்: தேதி, மணி, எந்த இணைப்பு, அப்புறம் மூன்று எண்கள். பத்து நிமிடம் பிங் (ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டால் வரும் சராசரி, அந்தப் பத்து நிமிடத்தில் வந்த மிக மோசமான எண், வழியில் தொலைந்துபோன பாக்கெட் எத்தனை. டவுன்லோடு வேகத்துக்கு அதில் இடமே ஒதுக்கவில்லை. வீடு ஊரைவிட்டுத் தள்ளி இருப்பதால் ஒவ்வொரு இணைப்பாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எதை எடுக்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இணைப்பு விற்கிறவர் முதலில் சொல்வது எம்பிபிஎஸ் (Mbps), அதாவது விநாடிக்கு எத்தனை மெகாபிட் டேட்டா வரும் என்ற வேகம். வாங்குகிறவர் கேட்பதும் அதையேதான். படம் பார்க்க அந்தக் கேள்வி போதும். ஆனால் மேட்ச் ஓடும்போது கேம் அனுப்புவதும் வாங்குவதும் படமில்லை. நீங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தீர்கள், எங்கே சுட்டீர்கள், மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற சின்னச் சின்னத் தகவல்கள்தான் போய் வருகின்றன. படத்தை வரைவது உங்கள் கம்ப்யூட்டரோ போனோ செய்கிற வேலை. அதனால் பெரும்பாலான கேம்களுக்கு ஒரு எம்பிபிஎஸ்கூட முழுசாகத் தேவைப்படாது. வேலரன்ட் என்ற ஷூட்டர் (சுடும்) கேம் மாதிரி, சர்வர் விநாடிக்கு 128 முறை கணக்குப் போடுகிற கேமில்கூட ஒவ்வொரு முறையும் வருவது ஒரு குட்டிப் பொட்டலம் (பாக்கெட்). அது நேரத்துக்கு வருகிறதா, எல்லாப் பொட்டலமும் ஒரே சீராக வருகிறதா என்பதில்தான் ஆட்டம் நிற்கிறது.

போய்வரும் நேரத்தை பிங் என்கிறோம்; அதை மில்லிசெகண்டில், அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சொல்வோம். அந்த நேரம் ஏறி இறங்குவது ஜிட்டர். போனது திரும்பாமலே போனால் பாக்கெட் லாஸ். என்னைக் கேட்டால் மூன்றில் பிங்தான் மன்னிக்கத்தக்கது. 60-லேயே அசையாமல் நிற்கும் பிங்குக்குக் கை பழகிவிடும். ஷூட்டர் கேம்களில் சர்வரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது; நீங்கள் சுட்ட அந்தக் கணத்தில் உங்கள் திரையில் எதிரி எங்கே இருந்தான் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துத்தான் குண்டு பட்டதா இல்லையா என்று முடிவு செய்கிறது. 25-ல் இருந்து திடீரென்று 200-க்குத் தாவி மறுபடி 25-க்கு வரும் இணைப்புக்கு யாராலும் பழக முடியாது. எதிரி ஓர் இடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் முளைப்பது அப்போதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 10 மில்லிசெகண்ட் கட்டாயம் ஆகும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் ரூட்டர்கள் இருக்கின்றன. அதனால் நடைமுறையில் இன்னும் கூடும். எந்த இணைப்பை எடுத்தாலும் இந்தத் தூரம் குறையாது. ஆகவே நீங்கள் ஆடும் கேமின் சர்வர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு இணைப்பைத் தேடுங்கள். சர்வருக்கே 90 ஆகும் என்றால், வீட்டிலிருந்து முதல் நிறுத்தம் (இணைப்புத் தரும் கம்பெனியின் முதல் கருவி) வரை 5 ஆகிறதா 15 ஆகிறதா என்று பார்த்துப் பணத்தைக் கொட்டுவதில் அர்த்தமில்லை. சீராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அளப்பது எப்படி

வேக சோதனைத் தளங்கள் காட்டும் பிங்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவை உங்களுக்கு மிக அருகில் இருக்கும் சர்வரைத் தேடிப் பிடித்து, இணைப்பு ஓய்வாக இருக்கும்போது, சில விநாடி மட்டும் அளக்கின்றன. நான் செய்வது இது. கம்ப்யூட்டரில் மூன்று ஜன்னல் திறந்து மூன்று இடத்துக்கு பிங் ஓடவிடுவேன்: ஒன்று வீட்டு ரூட்டருக்கு, இரண்டாவது ட்ரேஸ்ரூட்டில் (பொட்டலம் போகும் வழியிலுள்ள நிறுத்தங்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) ரூட்டரைத் தாண்டி வரும் முதல் முகவரிக்கு, மூன்றாவது கேம் சர்வர் இருக்கும் ஊரில் பிங்குக்குப் பதில் சொல்லும் ஒரு முகவரிக்கு. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது எங்கே இடிக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். ரூட்டருக்குப் போகும் பிங்கே 2-ல் இருந்து 80-க்குத் தாவினால் கோளாறு வைஃபையில். அது சீராக இருந்து இரண்டாவது தாவினால், வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கும் கம்பியோ டவரோ டிஷ்ஷோ காரணம். முதல் இரண்டும் ஒழுங்காக இருந்து மூன்றாவது மட்டும் தாவினால், கம்பெனியின் வெளி வழி நெரிசலாகிறது. இந்தக் கடைசிக் கோளாறுக்கு நீங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் பலன் இருக்காது.

காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, ராத்திரி எட்டிலிருந்து பதினொன்றுக்குள் ஒரு முறை அளக்க வேண்டும். நீங்கள் ஆடுவது ராத்திரி என்றால் முடிவுக்கு ராத்திரி எண் மட்டும்தான் உதவும். மற்ற இரண்டும், நெரிசலால் கெடுகிறதா அல்லது எப்போதுமே இப்படித்தானா என்று பிரித்துப் பார்க்க.

ஃபைபர் வந்தால் பேச்சே இல்லை

இதை நீட்டப் போவதில்லை. உங்கள் வாசல் வரை ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், வருகிறது என்றால் அதன் மிகச் சின்னத் திட்டத்தை எடுத்தாலே போதும், மீதி எல்லாவற்றையும் அது ஜெயித்துவிடும். வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபரில் ஒரு இழை 20 கிலோமீட்டர் வரை ஓடும். கீழ்நோக்கி 2.5 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் 1,000 எம்பிபிஎஸ்), மேல்நோக்கி 1.25 ஜிபிபிஎஸ் அளவுள்ள அந்த இழையை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவி ஒன்றும் கிடையாது, ஒளியைப் பிரித்துவிடும் ஒரு சின்னப் பெட்டிதான். வீட்டிலிருந்து முதல் நிறுத்தம் வரை சில மில்லிசெகண்ட்தான் ஆகும், அதுவும் ராத்திரி பகல் பார்க்காமல்.

விற்பவரிடம் வேகத்தைக் கேட்பதற்குப் பதில், கடைசியாக இந்தப் பக்கம் கேபிள் அறுந்தபோது சரிசெய்ய எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். ஊருக்கு வெளியே கேபிள் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வரும். மரக்கிளை விழும், உயரமான லாரி இழுத்துக்கொண்டு போகும். பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம், அதன் பிறகு ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவர் சொல்லும் பதில் விற்பவரின் பதிலைவிட நம்பகமானது.

பழைய டெலிபோன் கம்பி

செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. ஏடிஎஸ்எல்2+ என்பதன் உச்சம் 24 எம்பிபிஎஸ். அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. நான்கைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஓரிரண்டு எம்பிபிஎஸ் தேறுவதே பெரிய விஷயம். ஆனாலும் இதை அவசரப்பட்டுத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். கம்பி நல்லபடியாக இருந்தால் பிங் அசையாது, அந்தக் கம்பி உங்களுக்கு மட்டுமே உரியது. பிங் அநியாயத்துக்கு 20 கூடுதலாக இருப்பதுபோலத் தெரிந்தால், இன்டர்லீவிங் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். கம்பியில் வரும் இரைச்சலால் டேட்டா கெடாமலிருக்க, அதைக் கலைத்துப்போட்டு அனுப்பும் முறை அது. அந்தக் கலைத்தலுக்கு நேரம் செலவாகிறது. இரைச்சல் இல்லாத கம்பியில் அதை எடுத்துவிட்டு, கலைக்காமல் அனுப்பும் ஃபாஸ்ட் பாத் போட்டுத் தரச் சொல்லலாம். மற்றபடி, புதிதாக இதைப் போட நான் சொல்ல மாட்டேன். மேல்நோக்கி ஒரு எம்பிபிஎஸ்தான் கிடைக்கும், வீட்டில் யாராவது ஒரு போட்டோ அனுப்பினால் ஆட்டம் நின்றுவிடும்.

டவர் சிக்னல்

ஊருக்கு வெளியே இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் கையிலிருக்கும் வழி 4ஜி அல்லது 5ஜிதான். அதிலும் பெரும்பாலானோர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆடிவிட்டு, இது சரிப்படாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டவர் இணைப்பை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம்.

இந்த இணைப்பின் தன்மையை முதலில் பார்ப்போம். ஃபைபரில் உங்கள் பொட்டலம் வந்ததும் கிட்டத்தட்ட உடனே கிளம்பிவிடும். டவரில் அப்படியில்லை, அனுப்ப ஒன்று இருக்கிறது என்று முதலில் டவரிடம் சொல்லி, அது நேரம் ஒதுக்கித் தந்த பிறகுதான் அனுப்ப முடியும். அதனால் நல்ல 4ஜியிலேயே 30, 40 என்று பிங் வரும். சிக்னல் மோசமானால் பொட்டலம் கெட்டுப்போய் மறுபடி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். ஜிட்டர் அங்கேதான் பிறக்கிறது. அதோடு ஒரே டவரின் ஒரே பக்கத்தில் இருக்கும் எல்லோரும் அதே நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சுற்று வட்டாரமே வீடியோ பார்க்கும்போது உங்கள் முறை தாமதமாகத்தான் வரும்.

போனில் தெரியும் கோடுகளை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. 4ஜி ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பது; மைனஸ் 80-க்கு அருகில் இருந்தால் அருமை, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110-ஐத் தாண்டினால் தேறாது. இரண்டாவது அந்தச் சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பது. 20-க்கு மேல் இருந்தால் கண்ணாடி மாதிரி, பத்துக்கு மேல் பரவாயில்லை, பூஜ்யத்தை நெருங்கினால் வேறு டவர்களின் இரைச்சலில் உங்கள் டவரின் குரல் அமுங்குகிறது. கேமுக்கு இரண்டாவது எண்தான் பெரிது. இதை நான் கற்றுக்கொண்டது மொட்டை மாடியில்.

வெளியே மாட்டும் ஆன்டெனாவை வாங்கி, குழாயில் பொருத்திக்கொண்டு மாடியில் நின்றேன். தம்பி கீழே லேப்டாப்பில் ரூட்டர் பக்கத்தைத் திறந்துவைத்து எண்ணைச் சத்தமாகப் படித்தான். வடக்கே தெரியும் டவர் பக்கம் திருப்பினேன். "மைனஸ் 92, அக்கா! அப்படியே நிறுத்து!" என்று கத்தினான். நானும் போல்ட்டை முறுக்கிவிட்டேன். அன்று ராத்திரி பிங் 45-க்கும் 300-க்கும் நடுவில் ஊஞ்சலாடியது. மறுநாள் இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினோம். ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், எண் உடனே மாறாது. வடக்கே எஸ்ஐஎன்ஆர் வெறும் 4. தென்கிழக்கே, மரத்துக்குப் பின்னால் கண்ணுக்கே தெரியாத வேறொரு டவரில் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 101, ஆனால் எஸ்ஐஎன்ஆர் 15. அந்தப் பக்கம் திருப்பி வைத்த பிறகு ராத்திரி பிங் 50-ஐ ஒட்டியே நின்றது, மோசமான எண் 90-ஐத் தாண்டவில்லை. பலமான டவர் ஊருக்கு நடுவில் இருந்தது, எல்லோரும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆன்டெனா வாங்கும்போது கவனிக்க இரண்டு விஷயங்கள். 4ஜி ரூட்டர் இரண்டு வழியில் டேட்டா வாங்கும். அதனால் இரண்டு கேபிள் கொண்ட, ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்த இரட்டை ஆன்டெனாவாக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி ஆன்டெனாவை மாட்டினால் சிக்னல் கூடி வேகம் குறையும் விசித்திரம் நடக்கும். கேபிள் நீளமாக நீளமாக, ஆன்டெனா பிடித்ததைக் கேபிளே தின்றுவிடும். பத்து மீட்டருக்கு மேல் போகும் என்றால், ரூட்டரும் ஆன்டெனாவும் ஒரே பெட்டியில் இருக்கும் வெளிப்புற வகையை வாங்கி, லேன் கேபிள் வழியாகவே அதற்குக் கரண்டும் கொடுத்துவிடுவது மேல்.

அலைவரிசையும் முக்கியம். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வெகுதூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அகலம் குறைவு, கூட்டம் அதிகம். 1800, 2300, 2600 என்று மேலே போகப் போக எட்டும் தூரம் குறைந்து இடம் தாராளமாகும். 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ், டவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே உதவும். ரூட்டரில் குறிப்பிட்ட அலைவரிசையைப் பூட்டிவைக்கும் வசதி இருந்தால் ஒவ்வொன்றாகப் பூட்டி ராத்திரி அளந்து பாருங்கள். ரூட்டரை அதன் போக்கில் விட்டால் பலமானதைப் பிடித்துக்கொண்டு உட்காரும், நெரிசலைப் பற்றிக் கவலைப்படாது. 5ஜி என்ற பெயருக்காக மட்டும் மாறாதீர்கள். காலியான 4ஜி, கூட்டமான 5ஜியை ஜெயிக்கும்.

டிஷ்ஷுக்கு டிஷ்: உள்ளூர் வயர்லெஸ்

மொபைல் கம்பெனி இல்லாமல், உயரமான ஒரு கம்பத்தில் கருவி வைத்து, வீட்டுக் கூரையில் ஒரு சின்ன டிஷ் மாட்டி 5 ஜிகாஹெர்ட்ஸில் இணைப்புத் தரும் சின்ன நிறுவனங்கள் பல ஊர்களில் உண்டு. நல்லபடியாகப் போட்டால் ஃபைபருக்கு அடுத்த இடம் இதற்குத்தான்: கூரையிலிருந்து கம்பம் வரை போய்வர ஒற்றை இலக்க மில்லிசெகண்டில் முடிந்துவிடும். மோசமாகப் போட்டால் இதைவிடத் தொல்லை வேறில்லை. அதனால் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

கம்பம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பொருத்துகிறவர்கள் சொல்வார்கள். போதாது. அலை நூல் மாதிரி நேராகப் போவதில்லை. நூல் சுற்றிய தக்களி மாதிரி நடுவில் பருத்துப் போகிறது. கம்பம் 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், நடு வழியில் அந்தப் பருமனின் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது பார்வைக் கோட்டைச் சுற்றிலும் 5 மீட்டர், மரமோ கூரையோ இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். இலை உதிர்ந்த காலத்தில் போட்ட இணைப்பு துளிர் விட்டதும் தடுமாறுவது இதனால்தான். ஈர இலை இன்னும் மோசம். மழை மட்டும் பெய்தால் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒன்றும் ஆகாது. 60 ஜிகாஹெர்ட்ஸ் கருவி போடுகிறார்கள் என்றால் பெருமழையில் அறுந்துபோகும்.

கேட்க வேண்டியது: கம்பத்தின் உங்கள் பக்கத்து ஆன்டெனாவில் எத்தனை வீடுகள் ஏற்கெனவே இருக்கின்றன, கம்பத்துக்கு இணைப்பு ஃபைபரில் வருகிறதா அல்லது இன்னொரு கம்பத்திலிருந்து காற்றில் வருகிறதா, கரண்ட் போனால் கம்பம் எத்தனை மணி நேரம் தாங்கும். நான் முதலில் எடுத்த சின்ன நிறுவனத்தில் மூன்று கம்பம் தாவி வந்தது. எந்தக் கம்பத்தில் கரண்ட் போனாலும் எனக்கு இணைப்பு போகும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எடுத்ததுதான் தவறு. இரண்டாவதாக எடுத்தது ஃபைபர் வரும் கம்பத்திலிருந்து நேராக வருகிறது, இன்றுவரை அதில்தான் ஆடுகிறேன்.

வானத்திலிருந்து

செயற்கைக்கோள் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

பழைய வகைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நீங்கள் அழுத்திய பொத்தான் மேலே போய்க் கீழே வர வேண்டும், பதிலும் மேலே போய்க் கீழே வர வேண்டும். நான்கு தடவை அந்தத் தூரம். ஒளியின் வேகத்திலேயே இதற்கு 477 மில்லிசெகண்ட் ஆகிவிடும், நடைமுறையில் 600-க்கு மேல். எந்தக் கருவியாலும் இதைக் குறைக்க முடியாது. சதுரங்கம், சீட்டு மாதிரி மாறி மாறி ஆடும் கேம் என்றால் சரி. மற்ற எதற்கும் வேண்டாம்.

புதிய வகை தாழ்வாகப் பறப்பது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நிலப்பகுதியில் 25 முதல் 60 மில்லிசெகண்ட் என்று நிறுவனமே சொல்கிறது. மிகத் தொலைவான சில இடங்களில் 100-ஐத் தாண்டும். நண்பர் வீட்டில் ஒரு வாரம் தங்கியபோது என் நோட்டில் வந்த சராசரி இந்த எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் கோடு மாதிரி நேராக இருக்கவில்லை. செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே இருப்பதால் 15 விநாடிக்கு ஒரு முறை இணைப்பு மறு ஒதுக்கீடு ஆகிறது, அந்த மாற்றத்தில் பிங் ஒரு படி ஏறியோ இறங்கியோ உட்காரும். பெரும்பாலான கேம்களில் இது தெரியாது. சண்டைக் கேம் ஆடுகிறவர்களுக்கு உறுத்தும். அங்கே ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட்தான், ஒரு தாவல் இரண்டு ஃப்ரேமைத் தின்றுவிடும்.

இந்த இணைப்பின் தலைவிதியை எழுதுவது மரம்தான். டிஷ் பார்க்கும் வானத்தில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால், செயற்கைக்கோள் அதன் பின்னால் போகும்போதெல்லாம் சில விநாடி அறுந்துபோகும். படம் பார்ப்பவருக்கு அது தெரியாது, முன்கூட்டியே இறக்கிவைத்ததில் ஓடிவிடும். மேட்சில் செத்துவிடுவீர்கள். வாங்கும் முன்னரே போனில் அவர்களின் செயலி மூலம் வானத்தைச் சுற்றிக் காட்டித் தடை இருக்கிறதா என்று பார்க்கலாம். தரையில் நின்று பார்க்காதீர்கள், டிஷ் எங்கே நிற்கப் போகிறதோ அந்த உயரத்தில் ஏறி நின்று பாருங்கள். பெருமழையிலும் கொஞ்ச நேரம் போகும். கரண்டும் அதிகம்: சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட், மினி என்ற சின்ன டிஷ் 25 முதல் 40 வாட். பேட்டரியில் ஓட்ட நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

டவர் எட்டாது, கம்பம் தெரியாது, வானம் மட்டும் திறந்திருக்கிறது என்ற வீட்டுக்கு இதுதான் விடை, தயங்க வேண்டாம்.

மாற்றுவதற்கு முன் வீட்டுக்குள் பாருங்கள்

இந்தப் பகுதியை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு சமயம் தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் என் பிங் 45-ல் இருந்து 700-க்குப் போனது. இரண்டு மாதம் கம்பெனியோடு சண்டை போட்டேன். ஒரு நாள் மூன்று ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டு வீட்டைச் சுற்றி வந்தபோதுதான் தெரிந்தது: அம்மா தூங்கப் போகும் முன் போனை சார்ஜில் போடுகிறார், சார்ஜ் ஏறும்போது வைஃபை இருந்தால் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாம் தானாக மேலே ஏறத் தொடங்குகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் பிங் 46. மறுபடி மாட்டினேன், ஒரு நிமிடத்தில் 700.

காரணம் இதுதான். மேல்நோக்கிப் போகும் பாதை குறுகல். போன் வீடியோவை ஏற்றும்போது ரூட்டரிலும் மோடத்திலும் நீளமான வரிசை நிற்கிறது. உங்கள் குட்டிப் பொட்டலம் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. இந்த நோய்க்கு பஃபர்புளோட் என்று பெயர்; 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசையை நீளவிடாமல் வைக்கும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அதன் வழிவந்த எஃப்க்யூ கோடெல், கேக் ஆகிய முறைகள் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரூட்டர்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. எஸ்க்யூஎம் என்ற பக்கத்தில், உங்களுக்கு உண்மையில் வரும் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எழுதிவிட்டால் போதும்: வரிசை உங்கள் ரூட்டருக்குள் வந்துவிடும், ரூட்டர் ஒவ்வொருவருக்கும் மாறி மாறி வழிவிடும். அம்மாவின் போட்டோவும் ஏறும், பிங்கும் 50-ஐத் தாண்டாது. வேகம் ஏறி இறங்கும் டவர் இணைப்பிலும் ஸ்டார்லிங்கிலும் இது கொஞ்சம் சிரமம்; ராத்திரி கிடைக்கும் மோசமான வேகத்தை வைத்து எழுத வேண்டும், பகலில் கொஞ்சம் வேகத்தை இழப்பீர்கள். எனக்கு அது சம்மதம்.

உங்களுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிங் ஓடவிட்டுக்கொண்டே வேக சோதனையைத் தொடங்குங்கள். ஏற்றும் சோதனை ஓடும்போது பிங் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். முப்பதுக்குள் ஏறினால் விடுங்கள். நூறுகளில் ஏறினால், இணைப்பை மாற்றுவதற்கு முன் ரூட்டரை மாற்றுங்கள். அப்புறம், கம்ப்யூட்டரையோ கன்சோலையோ லேன் கேபிளில் மாட்டுங்கள். சுவரில் ஒரு துளை போட்டுக் கேபிளை இழுப்பதுபோல மலிவான முன்னேற்றம் வேறு கிடையாது.

சேர்த்துப் பார்க்க வேண்டியவை

டவர் இணைப்பிலும் ஸ்டார்லிங்கின் சாதாரணத் திட்டத்திலும் பல சின்ன நிறுவனங்களிலும் உங்களுக்கென்று தனி முகவரி கிடைக்காது. பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பங்கிடும். இதை சிஜிநாட் என்பார்கள். ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அநேகமாக அதுதான். கேம் கம்பெனியின் சர்வரில் ஓடும் கேம்களுக்கு இதனால் பாதிப்பில்லை. நீங்களே சர்வர் வைத்து நண்பர்களை அழைப்பதாக இருந்தாலோ, ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் நேரடியாக இணையும் கேமாக இருந்தாலோ சிக்கல். அப்படி ஆடுகிறவர்கள் பொது முகவரி தருவார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

எம்பிபிஎஸ் எங்கே உதவும் என்றால், கேமை இறக்கும்போது. 100 ஜிபி கேமை 10 எம்பிபிஎஸ்ஸில் இறக்க 22 மணி நேரம் ஆகும்; 50-ல் நாலரை மணி நேரம். டேட்டாவுக்கு வரம்பு வைத்த சிம் என்றால் ஒரே கேமில் மாதம் காலியாகிவிடும். கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலியில் இறக்கும் நேரத்தை நள்ளிரவுக்கு மாற்றிவைக்கலாம், வேகத்துக்கு வரம்பும் போடலாம். வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரில் அந்தக் கேம் இருந்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கிளவுட் கேமிங் ஆடுகிறவர்களுக்கு மட்டும் நான் மேலே சொன்னது மாறும், ஏனென்றால் அங்கே கேம் ஓடுவது தொலைவிலிருக்கும் சர்வரில், உங்களுக்கு வருவது முழுக்க வீடியோ. ஜிஃபோர்ஸ் நவ் என்ற கிளவுட் கேமிங் சேவை, 1080பி தரப் படத்தை விநாடிக்கு 60 ஃப்ரேம் கொடுக்க 25 எம்பிபிஎஸ் கேட்கிறது, பிங்கும் 80-க்குள் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே ஃபைபர் இல்லாமல் அதை நம்பி இறங்க வேண்டாம்.

என் வரிசை இதுதான்: ஃபைபர், அப்புறம் ஃபைபர் வரும் கம்பத்திலிருந்து தடையில்லாமல் வரும் உள்ளூர் வயர்லெஸ், அப்புறம் ராத்திரி அளந்து தேறிய டவர் இணைப்பு வெளி ஆன்டெனாவோடு. மரமில்லாத வீட்டில் ஸ்டார்லிங்கும் டவரும் சமம். அங்கே ராத்திரி எண்ணைப் பார்த்து முடிவு செய்வேன். ரேங்க் ஆடும் ஷூட்டர் என்றால் மோசமான எண் 100-க்குக் கீழே நிற்பதையே எடுப்பேன், சராசரி பத்து இருபது கூடினாலும். குழுவாகச் சேர்ந்து உலாவும் பெரிய கேம்களுக்கு 150 வரைகூடத் தாங்கும், பாக்கெட் மட்டும் தொலையக் கூடாது.

புதிய இணைப்பு வந்த அன்றே பழையதைத் துண்டித்துவிடாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும். ஒரு மழை, ஒரு கரண்ட் வெட்டு, நாலு விடுமுறை நாள் ராத்திரி ஆகிய எல்லாவற்றையும் புதியது கடக்கட்டும். நான் 4ஜி சிம்மை இன்னும் விடவில்லை. வயர்லெஸ் கம்பத்தில் கரண்ட் போகும் நாளில் ரூட்டர் தானாக அதற்கு மாறிவிடும். ஃபைபர் எங்கள் சாலையில் எட்டுக் கம்பம் தள்ளி வந்து நிற்கிறது. நோட்டில் அதற்கு ஒரு பக்கம் விட்டுவைத்திருக்கிறேன்.